பூஜ்யம் வரவேண்டிய இடம்

கரகந்தாவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் ஏழாம் பாதையில் பொருத்தும் வாயுமானிக்கு நானும் ரைஹானும் நிரல் எழுதினோம். சுரங்கத்தோடு எந்த இணைப்பும் இல்லாத அறை. வாயுமானியின் சில்லுக்கான நிரலைக் கணினியில் உருவாக்கி, போலி வாயுமானியில் ஓட்டிப் பார்ப்போம். அங்கே வாயு இல்லாததால் பூஜ்யம் வரவேண்டும்.

அன்று காலை ஒன்பது சதவீதம் மீத்தேன் காட்டியது.

"யாருடா குதிரைக்கறிய மூக்குமுட்டத் தின்னுட்டு வந்தது?" என்றாள் ரைஹான்.

"உங்க தம்பி மெய்ராம் குடுத்ததுதானே, அக்கா."

தேடினோம். சில்லுக்குரிய துணைநிரலுக்குப் பதிலாகக் கணினியின் துணைநிரல் இணைந்திருந்தது. மாற்றியதும் பூஜ்யம் வந்தது. தேநீர் ஊற்றிக்கொண்டோம்.

பத்தரைக்குச் சங்கு அலறியது. ஏழாம் பாதையில் வெடிப்பு. உள்ளே பதினான்கு பேர், அவர்களில் மெய்ராமும் ஒருவன். அங்கிருந்த பழைய வாயுமானிகள் கருகிவிட்டன. வாயு குறைந்தது தெரியாமல் மீட்புக்குழு இறங்காது.

ரைஹான் என் தோளைப் பிடித்தாள். "காலைல காட்டின ஒன்பது, ஏழாம் பாதையில வெடிக்க இருந்த வாயுதான்டா. அந்தத் தப்பத் திரும்ப வை. எவ்வளவு காட்டுதுன்னு பாரு."

வைத்தேன். பூஜ்யம் வந்தது.

"வாயு போயிடுச்சாடா? இறங்கச் சொல்லட்டுமா?"

மறுபடி உருவாக்கினேன். மறுபடியும் பூஜ்யம். கீழே வாயு போய்விட்டதா, இல்லை இது போலி வாயுமானி வழக்கமாகக் காட்டும் பூஜ்யம்தானா என்று தெரியவில்லை. கதவில் ஒரு கையை வைத்தபடி, அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.