ஆணி வேண்டாம்

அன்னவாசல் பிரியாணிக் கடையில் டெலிவரி வேலை பார்க்கும் பிச்சையின் தோள்பைக்குள் எப்போதும் ஓர் இரும்பு ஆணி கிடக்கும். கறிச்சோறு கொண்டுபோனால் பேய் பின்னால் வருமென்று அவன் மனைவி பொற்கொடிதான் போட்டு வைத்திருந்தாள்.

“இரும்பு இருந்தா கிட்ட அண்டாதுங்க.”

நேற்று மதியம் வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டரில் ஒரு குறிப்பு இருந்தது: ‘ஆணியை எடுத்துட்டு, பொட்டலத்தைக் கேட்டில் மாட்டவும்.’

பிச்சை வீட்டுக்குப் போன் போட்டான். “ஆணி விஷயத்தை யாருகிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்லையே. ஏன் கேக்குறீங்க?”

ஆர்டர் கொடுத்த வீடு சித்தன்னவாசல் சாலையில் தனியாக இருந்தது. ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பொட்டலத்தை மாட்டினான். யார்தான் எடுக்கிறார்கள், பார்ப்போமே என்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

பத்து நிமிடமாகியும் யாரும் வரவில்லை. கைப்பேசி ஒலித்தது; அதே வாட்ஸ்அப் எண்.

‘சட்டைப்பையில இருக்குறதையும் தூரப் போடுங்க. சோறு ஆறுது.’