தழும்பின் நீளம்

“தழும்பு எவ்வளவு நீளம் இருக்கும்னு சொன்னீங்க?”

அப்பா திரும்பவும் அதையே கேட்டார்.

அவனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆபரேஷன் செய்துகொள்ளப் போவது அவன். கேள்வி கேட்பதெல்லாம் அப்பா.

பெண் என்று எல்லாரும் சொன்ன உடம்புக்குள் தான் ஒரு ஆண் என்று அவன் வீட்டில் சொன்ன நாளிலிருந்து, அப்பா அவனிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். இன்று காலை மட்டும், கூப்பிடாமலே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பைக்கை ஸ்டார்ட் செய்து வாசலில் நின்றார்.

“ஏறு” என்றார். அவ்வளவுதான்.

வழி நெடுக ஒரு வார்த்தை இல்லை. வெளியே காத்திருந்தபோதும் நாற்காலியில் உட்காராமல், தண்ணீர் குடிக்கப் போவதும் வருவதுமாக இருந்தார். இங்கே டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வாய் மூடவில்லை.

டாக்டரம்மா பொறுமைசாலி. சலித்துக்கொள்ளாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“ரெண்டு வழி இருக்கு சார். ஒண்ணு, காம்பைச் சுத்தி மட்டும் கீறி, அது வழியா உள்ள இருக்கிற சதையை எடுக்கறது. தழும்பு சின்னது, வெளிய அவ்வளவா தெரியாது. உணர்ச்சியும் பெரும்பாலும் தங்கும். ஆனா மார்பு சின்னதா, தோல் இறுக்கமா இருக்கிறவங்களுக்குத்தான் அது நல்லா வரும்.”

“இன்னொண்ணு?”

“மார்புக்குக் கீழ ரெண்டு பக்கமும் நீளமாக் கீறி, சதையோட மிச்சத் தோலையும் எடுத்துடறது. காம்பைத் தனியா எடுத்து, சின்னதாக்கி, சரியான இடத்துல ஒட்டுவோம். நெஞ்சு தட்டையா வரும். ஆனா நீளமா ரெண்டு தழும்பு நிக்கும். நாளாக ஆக மங்கும், மறையாது. காம்புல உணர்ச்சி குறையும், சில பேருக்குப் போயே போயிடும்.”

“எனக்கு முதல்ல சொன்னதே போதும் டாக்டர்” என்றான் அவன், அப்பா வாயைத் திறப்பதற்குள்.

“உங்க அளவுக்கு அதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். தோல் மிஞ்சிப் போய்த் தொங்கும், சுருங்கும். மறுபடியும் ஆபரேஷனுக்குப் படுக்க வேண்டி வரலாம். ஆனா உங்க உடம்பு. யோசிச்சுச் சொல்லுங்க.”

அப்பா எழுந்தார். ஜன்னல் வரைக்கும் போனார். திரைச்சீலையை இழுத்தார், விட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

“பெரிய தழும்பே இருக்கட்டும்மா” என்றார்.

“அப்பா!”

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பக்கத்து வார்டுல ஒருத்தரைப் பாத்துட்டு வந்துடறேன். பேசிக்கிட்டிருங்க” என்று நைசாக நழுவினார்.

கதவு சாத்தியதுதான் தாமதம், அவன் வெடித்தான்.

“அதை முடிவு பண்ண நீங்க யாரு?”

“சொன்னதைக் கேளு.”

“எதுக்குக் கேக்கணும்? நாலு பேர் முன்னால நான் சட்டையைக் கழட்டினா, என்ன தழும்பு, ஏது தழும்புன்னு எல்லாரும் கேக்கணும். நான் கூனிக் குறுகி நிக்கணும். கடைசி வரைக்கும் சட்டையைக் கழட்டவே கூடாது. அதானே உங்க ஆசை?”

அப்பா எழுந்தார். காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூடினார்.

“வேகற வெயில்லயும் துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டு மூச்சு முட்ட நடக்கறவன் நான். யாராவது நெஞ்சைப் பாத்துடுவாங்களோன்னு முதுகை வளைச்சு வளைச்சே எனக்குக் கூன் விழுந்துடும் போல இருக்கு. உங்களுக்கு என்னப்பா தெரியும்? நீங்க ஆம்பளையாவே பொறந்தவர்!”

அப்பா அப்படியே நின்றார்.

பிறகு சட்டைப் பித்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

பனியனைக் கழுத்து வரைக்கும் தூக்கினார் அப்பா.

வீட்டில் எந்தப் புழுக்கத்திலும் பனியனோடே படுக்கிற மனிதர். அந்த நெஞ்சை அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

இரண்டு காம்புகளைச் சுற்றியும் தோல், சுருக்குப் பையின் வாய் மாதிரி இழுத்துக்கொண்டு கிடந்தது. ஒரு பக்கம் குழி. மறுபக்கம் தொய்வு.

“என்னப்பா இது?”

“ஆம்பளைங்கள்லயும் சில பேருக்கு மார்பு வளரும். எனக்கு வளந்துச்சு. பள்ளிக்கூடத்துல எனக்கு ஒரு பேரு வச்சாங்க. அதை உங்கிட்ட சொல்ல மாட்டேன்.”

“ஒரு நாளும் சொன்னதில்லையே...”

“உங்கம்மாவுக்கு மட்டும் தெரியும்.” அப்பா குழி விழுந்த பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். “உன் வயசுல போய்ப் படுத்தேன். சின்னதாக் கீறினா சரியா வராதுன்னு அந்த டாக்டரும் தலைபாடா அடிச்சுக்கிட்டார். நான் கேக்கலை. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ஒத்தைக் கால்ல நின்னேன். மறுபடியும் கத்தி வச்சும் இவ்வளவுதான் வந்துச்சு.”



வெளியே வராந்தாவில் செருப்புச் சத்தம் நெருங்கியது.

“டாக்டர் வராங்கப்பா. சட்டையைப் போடுங்க.”

அப்பா பனியனை இறக்கவில்லை.

“வரட்டும்டா. அவங்களும் பாக்கட்டும். என் பையனுக்கு இப்படி ஆயிடக் கூடாது.”