கூப்பிடு தூரம்

"இந்த டேக்கும் போச்சு அண்ணி" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான் கொழுந்தன்.

போகாமல் என்ன செய்யும்? அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் டொக் டொக் என்று எதையோ இடிக்க ஆரம்பித்துவிடுகிறாள் பக்கத்து வீட்டு அம்மாள்.

நாளைக் காலையில் அண்ணியின் 'கூப்பிடு தூரம்' இணையதளம் தொடங்குகிறது. ஏணி வேண்டுமா, அவசரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமா, அதில் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். அக்கம்பக்கத்தில் யாராவது உதவிக்கு ஓடி வருவார்கள். நல்ல வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தாள். முதலீடு செய்ய வருகிறவர்கள் முதலில் பார்க்கப்போவது இந்த விளம்பர வீடியோவைத்தான். அது சொதப்பினால் பழைய ஆபீஸ் வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். கொழுந்தன் இரவல் வாங்கி வந்த கேமராவோ மதியத்துக்குள் திரும்பிப் போயாக வேண்டும்.

ஜன்னலைச் சாத்தினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துப் பார்த்தார்கள். வியர்த்து வழிந்து பவுடர் கலைந்ததுதான் மிச்சம், சத்தம் நின்றபாடில்லை.

"நான் போய் என்னன்னு பார்த்துட்டு வரட்டுமா?"

"வேணாம்ப்பா. அந்தம்மா பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. குடிவந்த அன்னிக்கு மாட்டிக்கிட்டு நான் பட்ட பாடு போதும். இப்பல்லாம் லிஃப்ட்ல பார்த்தாக்கூட போன் பேசுற மாதிரி நடிச்சுட்டுப் போயிடறேன்."

மறுபடியும் முகத்தைத் துடைத்து, சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கு ஒரு கஷ்டம்னா..."

டொக். டொக் டொக்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. மெத்தையை இழுத்துத் தள்ளிவிட்டு, உள்ளங்கை சிவக்கச் சுவரில் ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. பிறகு பதிலுக்கு மெதுவாக ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான், கப்சிப்.

"பார்த்தியா? சொல்ற விதத்துல சொன்னாத்தான் சில பேருக்கு உறைக்குது" என்றாள் வெற்றிக் களிப்போடு.

அடுத்த டேக் ஒரே மூச்சில் முடிந்தது. கடைசி வரியில் அவள் குரல் தழுதழுத்த தழுதழுப்பில் கொழுந்தனுக்கே கண் கலங்கிவிட்டது. முதலீட்டுக்காரர்கள் கல்லாக இருந்தாலும் கரைந்துவிடுவார்கள் என்று அடித்துச் சொன்னான்.

சந்தோஷமாகக் கேமராவை மூட்டை கட்டிக்கொண்டு இருவரும் வெளியே வந்தால், பக்கத்து வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே தடார் தடார் என்று சத்தம். எட்டிப் பார்த்தாள். அந்த அம்மாளின் மகள், ஆபீஸ் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், குளியலறைக் கதவைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தாள்.

"தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சுக்கா. அம்மா காலையிலேருந்து உள்ளேயே இருக்காங்க. எவ்வளவு கூப்பிட்டும் போனை எடுக்கலையேன்னு ஓடி வந்தேன்."

கதவு திறந்தது. கையில் தண்ணீர்க் குவளையோடு தள்ளாடியபடி வெளியே வந்தாள் அந்த அம்மாள்.

சுவரில் தட்டியவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அந்த அம்மாள் வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். காலையிலேயே கத்திக் கத்திக் குரல் கம்மிப்போயிருந்தது.

"நீ நல்லா இருக்கணும்மா. உன் குரல் கேக்கும்போதெல்லாம் தட்டித் தட்டிப் பார்த்தேன், யாருக்குமே கேக்கலையேன்னு பயந்துட்டேன். நீ திருப்பித் தட்டினே பாரு, அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. சரி, ஆள் கூட்டிட்டு வரப் போயிருக்கே, இனிமே உன்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பேசாம உட்கார்ந்துட்டேன்."