முன்னால் ஓடியவள்

"உனக்கெதுக்குடி இந்தப் போலீஸ் வேலை? அமெரிக்கா காலேஜ்ல இடம் கெடச்சாச்சு. ஆசைக்கு ஒரு அளவு வேணாம்?"

கேட்டவள் ஜெருபெட். தெபோரா குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் கென்யாவில் எல்டோரெட் நகரத்துப் பக்கத்து மேட்டு ஊர்க்காரர்கள். நான்கு ஆண்டுகளாக விடியலில் சேர்ந்து ஓடியவர்கள்.

காவல்துறை ஓட்டக் குழுவில் பெண்களுக்கு ஒரே ஓர் இடம். பத்து கிலோமீட்டரில் முதலாவதாக வருபவளுக்கு வேலை. சென்ற ஆண்டு ஜெருபெட் இரண்டாவதாக வந்தாள். வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. தவறினால், பிறர் நிலத்தில் உருளைக்கிழங்கு தோண்டும் பிழைப்புதான்.

"விடுடி ஜெருபெட்," என்றாள் பக்கத்தில் நின்றவள். "பிளேன் ஏறுறதுக்கு முன்னாடி அம்மணி சும்மா காலை உதறிக்கிறாங்க!"

வரிசை முழுவதும் சிரித்தது. தெபோரா எழுந்து கோட்டில் போய் நின்றாள்.

விசில் ஒலித்தது. எடுத்த எடுப்பிலேயே தெபோரா முன்னே பாய்ந்தாள். எதிர்காற்றில் தலைசாய்த்த மக்காச்சோள வயல்களுக்கு நடுவே செம்மண் சாலை மேடேறிச் சென்றது. ஜெருபெட் அவளுடைய முதுகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

'இன்னிக்கு உன்னை விடமாட்டேன்டி!'

ஐந்தாவது கிலோமீட்டரில் மற்றவர்கள் வெகுவாகப் பின்தங்கினார்கள். எட்டாவதில் ஜெருபெட்டின் கால்கள் கெஞ்சின. அவள் செவிசாய்க்கவில்லை.

எல்லைக்கோட்டுக்கு ஐம்பது மீட்டர். தெபோரா இன்னும் இரண்டடி முன்னே.

"தாண்டு! அவளைத் தாண்டு!" ஜெருபெட்டின் அண்ணன் சாலையோரத்தில் தொண்டை கிழியக் கத்தினான்.

சட்டென்று தெபோரா புல்வெளியில் இறங்கி நின்றுவிட்டாள்.

ஜெருபெட் கோட்டைத் தாண்டினாள். அதிகாரி அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். மூச்சு வாங்க, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

"கால் பிசகிடுச்சாடி?"

"இல்லையே."

"அப்புறம் ஏன் நின்னே? ஜெயிச்சிருப்பியே!"

தெபோராவின் முகமெல்லாம் செம்புழுதி. கண்ணில் நீர் வழிந்தது. சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"ஜெயிக்கவா வந்தேன்? இந்த மேட்டுல எதிர்காத்து இப்படி அடிக்குது. அதை மறைச்சுக்கிட்டு உனக்கு முன்னாடி யாராவது ஓட வேணாமா?"