வாங்காத திட்டு

வடக்கனந்தலில் அத்தை வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு மக்காச்சோளம் காய்கிறது. கல்வராயன் மலைப் பக்கம் சாயும் வெயிலில் அந்த மஞ்சளைப் பார்த்தால் கண் கூசுகிறது. சென்னையிலிருந்து வந்திருக்கும் யாழினிக்கு மட்டும் நாற்காலி, அதன்மேல் மடித்துப் போட்ட துண்டு. அவளுக்கென்றே கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் காலடியில் வியர்த்துக்கொண்டு நிற்கிறது. அத்தை மகள் வினோதா ஒரு கையில் போனோடு வெறுங்காலால் சோளத்தைத் துழாவிக்கொண்டே போகிறாள். "எரும, போன பாத்துக்கினே கிண்டறியா? அந்த மூலைல ஈரம் அப்படியே கெடக்குது பாரு!" என்று அத்தை கத்துகிறாள். வினோதா வாயைக் கோணுகிறாள். கொலுசுச் சத்தம் நிற்கவில்லை. அந்த அலட்சியத்தைப் பார்க்கப் பார்க்க யாழினிக்கு வயிறு எரிகிறது. இருவருக்கும் ஒரே தாத்தாவின் மூக்குதான். ஆனால் வந்த நாளிலிருந்து இவளுக்குக் கிடைப்பதெல்லாம் "சாப்டும்மா", "உக்காரும்மா" மட்டும்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டு அவளும் சோளத்தில் இறங்குகிறாள். மணிகள் உள்ளங்காலில் குத்துகின்றன. வேண்டுமென்றே காலை ஓங்கி வீசுகிறாள். இரண்டு கைப்பிடி சோளம் சலசலவென்று வாசலோரச் சாக்கடைக்குள் கொட்டுகிறது. கோழிகள் ஓடிவருகின்றன. யாழினி மூச்சைப் பிடித்துக்கொண்டு அத்தையின் முகத்தையே பார்க்கிறாள்.

"பரவால்லம்மா, நீ வந்து உக்காரு" என்று அத்தை சிரிக்கிறாள். சிரித்த வாய் மூடுமுன் வினோதா பக்கம் திரும்புகிறாள். "ஏண்டி, அதுக்கு இன்னா தெரியும் பாவம்? நீ இன்னாத்த புடுங்கிக்கினு இருந்த?"