மூச்சு நீக்கிய பதிப்பு

பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் படித்துக்காட்டும் அந்தச் செயலியைப் பெனாசிர் சம்பளமில்லாமல் பராமரிக்கிறாள். அதில் பேசும் பெண் குரல் மட்டும் வேறு யாரோ எழுதிய நிரல். அந்தக் குரலுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. பழையதில் வெளியாள் புகுந்துவிடக்கூடிய பாதுகாப்பு ஓட்டை; இனியும் தள்ளிப்போட முடியாது. வெளியிடுமுன் சோதித்துப் பார்க்க அருளப்பனுக்கு அனுப்பினாள். செயலி வந்த நாளிலிருந்து தினமும் கேட்பவர்.

மாலையில் அவர் போனில் அழைத்தார்.

“நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அந்தப் பொண்ணு ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி லேசா மூச்சு இழுக்குமே, அதைக் காணோம்.”

“அது பிழைன்னு எடுத்துட்டாங்க சார். ரெக்கார்டிங்ல விழுந்த இரைச்சலாம்.”

“அப்ப அடுத்த வரி வரப்போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பெனாசிர் அழைப்பைத் துண்டிக்காமலேயே இரண்டு பதிப்புகளையும் மாறி மாறி ஓடவிட்டாள். பழையதில் அந்த மூச்சு இருந்தது. இத்தனை காலம் அவள் காதில் அது விழுந்ததே இல்லை. ஓட்டையைப் பற்றி அவரிடம் எங்கிருந்து தொடங்குவது? வெளியிடும் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல், பேசுவதற்காக மூச்சை இழுத்தாள்.

“சொல்லும்மா,” என்றார் அருளப்பன்.