துண்டுப் பிரிவின் நாற்காலி

மனிதகுல வரலாற்றில் பொறிக்கத்தக்க அறிவிப்பு ஒன்றை எங்கள் பேரங்காடி நிர்வாகம் வெளியிட்டது: ஊழியர்கள் இனி உட்காரலாம். பிரிவுக்கு ஒரு நாற்காலி. அதைச் சொன்ன அரைமணி நேர உரையை நின்றபடியே கேட்டுக் கைதட்டினோம்.

குளியல் துண்டுகள் விற்கும் துண்டுப் பிரிவில் என்னோடு பதினெட்டு வருடம் நின்ற அக்கா, அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இறந்துபோனார். எனக்குக் கால் கடுத்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

"தம்பி, கீழ்த்தட்டு கலைஞ்சிருக்கு பாரு, போய் அடுக்கு."

அடுக்குகிற சாக்கில் நான் தரையில் குந்திக்கொள்வேன். மேற்பார்வையாளர் கண்ணில் படாமல் அவர் மறைத்து நிற்பார்.

"நீங்களும் கொஞ்சம் குந்துங்கக்கா."

"என் முட்டி எங்க மடங்குது? நாற்காலி குடுக்கட்டும், அப்புறம் எந்திரிக்கவே மாட்டேன்."

நாற்காலி வந்த அன்று உட்காரப் போனேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத இருக்கை, ஆள் உட்கார்ந்த சூட்டோடு இருந்தது. மறுநாளும் அப்படியே.

"என்னய்யா, நாற்காலி குடுத்தும் நிக்கிறே?" என்றார் மேற்பார்வையாளர்.

"அக்கா இருக்காங்க, சார்."

அவர் இருக்கையைத் தொட்டார். கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"சரி, அவங்க எந்திரிச்சதும் உக்காரு."

ஒரு வருடம் ஆகிறது. கால் கடுத்தால் இன்றும் கீழ்த்தட்டைத்தான் அடுக்குகிறேன்.